வண்டியை விற்கச் சொன்ன மகனுக்கு

மாணிக்கம்,

உன் கடிதம் கைக்கு வந்தது. பின்வீட்டு வாத்தியாரைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னேன். பேத்தி பால் குடிக்கிறாள், தூங்குகிறாள், தலை நிறைய முடி, மருமகள் எழுந்து நடமாடுகிறாள் என்று அவர் படிக்கப் படிக்க எனக்கு வயிறு குளிர்ந்தது. அதற்குக் கீழே வந்ததும் வாத்தியாரின் குரல் தணிந்துவிட்டது. மோட்டார் வண்டியை விற்றுவிடுங்கள் அப்பா, அது வீட்டில் நிற்கிறவரைக்கும் அம்மா பெங்களூருக்கு வராதாம், குழந்தையை அனுப்பவும் சம்மதிக்காதாம் என்று நீ எழுதியிருந்ததைப் படித்துவிட்டு அவர் என் முகத்தைப் பார்க்காமல் காகிதத்தை மடித்தார். எழுத்து தெரியாதவனுக்கு இது ஒரு கஷ்டம். பெண்டாட்டியின் கோபம்கூட அடுத்த வீட்டுக்காரர் வாய் வழியாகத்தான் வந்து சேர வேண்டியிருக்கிறது. இந்தப் பதிலையும் அவர்தான் எழுதுகிறார். நான் பேசுவதைப் புத்தகத் தமிழாக்கித்தான் அவர் கை எழுதும். எழுதட்டும். அவரவர் வாயால் சொன்னதை மட்டும் சொன்னபடியே போடுங்கள் என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

மருமகளுக்குத் தாய் இல்லை என்பதால் பிரசவம் பார்க்க உன் அம்மா தங்கவயலுக்கு வந்தாள். போகும்போது எங்களுக்குள் சண்டை ஒன்றும் இல்லை. ரயிலில் ஏறி உட்கார்ந்த பிறகு ஜன்னல் வழியாக, ஊறுகாய் ஜாடியில் ஈரக் கையை விடாதீர்கள் என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். பேத்தி பிறந்த சேதி கேட்டதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. தீட்டுக் கழிந்ததும் நானே வண்டியை எடுத்துக்கொண்டு வருகிறேன், பாட்டியும் பேத்தியும் ராணி மாதிரி பின்னால் உட்கார்ந்து நம் அல்சூர் வீட்டுக்கு வரட்டும் என்று, உன் பக்கத்துக் குவார்ட்டர்ஸ் ஆள் இங்கே வந்திருந்தபோது அவரிடம் சொல்லி அனுப்பினேன். நல்ல சொல் சொல்லி அனுப்பியதாகத்தான் நினைத்தேன். அந்தச் சொல்லுக்கு வந்த பதில் இது.

கோபம் வந்தது என்பதை மறைக்க மாட்டேன். கடிதம் வந்த அன்றைக்கு நான் வண்டியின் அடியில் கிடந்தேன். தங்கவயல் போய் வருவதென்றால் சும்மாவா? பிரேக் டிரம்மைக் கழற்றித் தேய்ந்த பட்டையை எடுத்துவிட்டுப் புதுப் பட்டை வைத்து ரிவிட் அடித்தேன். ரேடியேட்டர் தண்ணீரை வடித்து, சோடா உப்பு கரைத்து ஊற்றி, துரு எல்லாம் செம்மண் குழம்பாக வெளியே வரும்வரை அலசினேன். நீர்க் குழாயின் ரப்பர் விரிசல் விட்டிருந்தது. அந்த அளவில் எங்கேயும் கிடைக்கவில்லை. பிளாக்பள்ளி குஜரிக் கடைகளில் பழைய இரும்புக் குவியலுக்குள் தலையை விட்டுத் தேடி, ஏதோ லாரியின் குழாயை வாங்கி வந்து அறுத்துப் பொருத்தினேன். என் கை முன்போல இல்லை, மாணிக்கம். ஒரு நட்டை அதன் திருகில் உட்கார வைக்கவே நேரம் பிடிக்கிறது. அப்படிப் படுத்துக் கிடந்து வேலை செய்கிறவனிடம், அதை விற்றுவிடு என்று மகன் எழுதினால் என்ன தோன்றும்? நாட்டில் வண்டி எல்லாம் புதிது புதிதாக வரும்போது அப்பனுக்கு இந்தக் கறுப்பு எருமை எதற்கு என்று நீயும் நினைக்கிறாய், அம்மாவின் பேரைச் சொல்லி எழுதுகிறாய் என்றுகூட நினைத்தேன். பிறகு யோசித்தபோது, உனக்கு முழுக்கதை தெரியாது என்று பட்டது. தெரியாமல் நீ நடுவில் நிற்கிறாய். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதச் சொல்கிறேன். பொறுமையாகப் படி.

நான் டிரைவராக இருந்த வெள்ளைக்காரத் துரை நாட்டைவிட்டுப் போன வருஷம் உனக்கு நினைவிருக்கும். ரிச்சர்ட்ஸ் டவுன் பங்களாவில் சாமான்களை எல்லாம் ஏலம் விட்டார். வண்டியை மட்டும் ஏலத்தில் நிறுத்தவில்லை. சாவியை என் கையில் வைத்து, "மேன், நீ இல்லாட்டி இது நின்னு போகும்" என்று தன் பட்லர் தமிழில் சொன்னார். அப்போதே அது பழைய வண்டி. நான் அதை ஓட்டிக்கொண்டு நம் சந்துக்குள் நுழைந்தபோது சனம் எல்லாம் வாசலுக்கு வந்துவிட்டது. "இன்னாண்ணா, வாடகை வூட்டுக்கு மோட்டார் வந்துடுச்சு, இனிமே எங்கள எல்லாம் பாப்பீங்களா?" என்று சிரித்தார்கள். நிறுத்த இடம் இல்லை. வீட்டுக்குப் பக்கவாட்டில் உன் அம்மா அவரைக்காய்ப் பந்தல் போட்டிருந்தாள். காய்த்துத் தொங்கிய பந்தல். நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அடுத்த நாள் வேலை முடிந்து வந்து பார்க்கிறேன், பந்தலை அவளே பிரித்துக் கழிகளை ஓரமாக அடுக்கி வைத்திருக்கிறாள். அந்தக் கழிகளை நட்டுத்தான் தகரக் கொட்டகை போட்டோம்.

உனக்கு இப்போது சொன்னால் நம்பமாட்டாய், அந்த வண்டியில் பாதி வேலை உன் அம்மா செய்தது. வருஷத்துக்கு ஒரு தடவை இஞ்சின் தலையைத் திறந்து, படிந்த கரியைச் சுரண்டி, வால்வுகளை எல்லாம் நறநறப்பான பசை தடவித் தேய்த்து உட்கார வைக்க வேண்டும். முனையில் ரப்பர் வைத்த ஒரு கட்டையை வால்வின் மேல் ஒட்டி, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உருட்ட வேண்டும். நான் செய்தால் ஒரு பக்கம் அழுந்திவிடும். அவள் ஒரு நாள் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "தள்ளுங்கோ, மோர் கடையறவங்க கையில குடுங்கோ" என்று புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். மத்தை உருட்டுகிற மாதிரியே உருட்டினாள். கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை தூக்கிப் பார்த்து, கால் சுற்றுத் திருப்பி வைத்து, மறுபடி உருட்டினாள். வால்வின் விளிம்பில் சாம்பல் நிறத்தில் ஒரே அகலத்துக்கு வளையம் விழுந்தது. "மோர் கடைஞ்சா வெண்ணெயாவது வரும். இதுல இன்னாங்க வரும்?" என்று கேட்டாள். "பொகை வராது" என்றேன். "வராததுக்கா இவ்ளோ பாடு?" என்று சிரித்தாள். அதற்குப் பிறகு வால்வு வேலை என்றால் அவள்தான். இஞ்சின் மூடிக்கு அடியில் கசியாமல் வைக்கிற கேஸ்கெட்டைப் பிரவுன் காகிதத்தில் வெட்டுவதும் அவள்தான், ரவிக்கை வெட்டுகிற கத்திரிக்கோலால். பெட்ரோலை வடிகட்டத் தன் பழைய புடவையைக் கிழித்துக் கொடுப்பாள். நான் வண்டிக்கு முன்னால் ஹேண்டிலை மாட்டிச் சுற்றும்போது இஞ்சின் பிடித்துக்கொண்டால் அவள் முகத்தில்தான் முதலில் தெரியும். நான் அதை என் வண்டி என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். அது அவளுடையதும்தான்.

இப்போது சாந்தா விஷயத்துக்கு வருகிறேன். உன் தங்கையைப் பற்றி நம் வீட்டில் யாரும் வாய்விட்டுப் பேசியதில்லை. அந்தத் தசரா லீவுக்கு நீ ஆம்பூரில் மாமா வீட்டில் இருந்தாய். தந்தி கிடைத்து நீ வரும்போது எல்லாம் முடிந்திருந்தது. நீ கேட்கவும் இல்லை, நாங்கள் சொல்லவும் இல்லை. ஆயுத பூஜையில் சாமி முன்னால் வைத்த சாமானை அப்பா எடுத்தார், குழந்தை வைத்த பொட்டை அழித்தார், அதனால் குழந்தை போய்விட்டது என்று அம்மா நினைக்கிறாள், அவ்வளவுதான் உன் காதில் விழுந்திருக்கும்.

நடந்தது இதுதான். பூஜை அன்று காலையில் ஸ்பேனர், சுத்தியல், பிளக் கழற்றுகிற சாமான், ஜாக்கி, ஹேண்டில் எல்லாவற்றையும் கழுவித் துடைத்துப் பலகையில் வைத்தோம். வைத்தால் மறுநாள் மறுபூஜை ஆகும்வரை தொடக் கூடாது. வண்டிக்கு வாழைக்கன்று கட்டினேன். சாந்தா சந்தனக் கிண்ணத்தையும் குங்குமத்தையும் வைத்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தாள். "அப்பா, வண்டிக்கு நெத்தி எது?" என்றாள். "நீ எங்க வெக்கிறியோ அதான் நெத்தி" என்றேன். விளக்கு, மட்கார்டு, ஹாரன், ஸ்டியரிங் என்று வைத்துக்கொண்டே வந்தாள். பிறகு பானட்டைத் திறக்கச் சொன்னாள். "உள்ள இருக்கறவங்களுக்கு வேணாமா?" என்று கேட்கிறாள். தூக்கிப் பிடித்துக்கொண்டேன். நாலு பிளக்கின் வெள்ளைப் பீங்கானிலும், அவற்றுக்குக் கரண்டைப் பிரித்து அனுப்புகிற மூடியிலும், வயர் வயராகவும் ஈரச் சந்தனம் வைத்து அதன் மேல் குங்குமம் வைத்தாள். ஈரம் பட்டால் கரண்டு அதன் வழியே ஓடிவிடும், பொறி விழாது என்பது எனக்குத் தெரியாததா? இன்றைக்கு வண்டியை எடுக்கப் போவதில்லை, நாளைக்குத் துடைத்துக்கொள்ளலாம் என்று விட்டேன். பூசணிக்காய் உடைத்து, பொரி கடலை கொடுத்து, சாப்பிட்டு முடித்தோம்.

சாப்பாடு முடிந்த நேரத்தில் எதிர்வீட்டுத் திம்மக்காவின் மாமியார் ஓடி வந்தாள். அவர்கள் கன்னடக்காரர்கள், நம்மோடு தமிழையும் கன்னடத்தையும் கலந்துதான் பேசுவாள். "அண்ணா, பேகா வாங்கண்ணா. மகு அட்டமா நிக்குதாம், மருத்துவச்சி கைய விரிச்சிட்டா. தேவரே, நான் இன்னா பண்ணுவேன்" என்று தலையில் அடித்துக்கொண்டாள். திம்மக்காவுக்குப் பிரசவ வலி, வயிற்றில் குழந்தை குறுக்காகக் கிடந்தது, புருஷனோ ஊரில் இல்லை. உன் அம்மாதான் முதலில் எழுந்தாள். "ஜட்கா ஸ்டாண்டுக்கு ஓடுங்கோ" என்றாள். ஓடினேன். பாய்மார்களின் ஜட்கா எல்லாம் பண்டிகைச் சவாரிக்குப் போய்விட்டது. நம் ஆட்கள் சாட்டையையும் கடிவாளத்தையும் பூஜையில் வைத்துவிட்டுக் குதிரைகளுக்கு மாலை போட்டு அவிழ்த்து விட்டிருந்தார்கள். விவரம் சொல்வதற்குள் ஒருவன், "குதிரைக்கு இன்னிக்கு மாமியார் வூட்டு விருந்துண்ணா, நாளைக்குத்தான் வரும்" என்று சிரித்தான். பிரசவம் என்று சொன்னதும் சிரிப்பு நின்றது. குதிரையைத் தேடிப் பிடிக்க ஏரிக்கரைக்கு ஓடினார்கள். நான் வீட்டுக்குத் திரும்பினேன்.

பலகையிலிருந்து ஹேண்டிலை எடுத்தேன். உன் அம்மா வாசலில் நின்றாள். "வெச்சத எடுக்காதீங்கோ. குதிரை வந்துடும்" என்றாள். "வராட்டி?" என்றேன். வண்டிக்கு முன்னால் போய் ஹேண்டிலை மாட்டினேன். சுற்றினேன், சுற்றினேன், இஞ்சின் பிடிக்கவில்லை. எதிர்வீட்டில் அந்தப் பெண் போடுகிற சத்தம் சந்து முழுக்கக் கேட்டது. பானட்டைத் திறந்தேன். சுற்றிய சுற்றில் பிளக்கெல்லாம் பெட்ரோலில் நனைந்திருந்தன. மறுபடி போய்ப் பிளக் சாமானை எடுத்தேன். கழற்றித் துடைத்து, பீங்கான் மேலிருந்த சந்தனத்தையும் குங்குமத்தையும் வேஸ்ட் துணியால் அழுத்தித் துடைத்தேன். சாந்தா பக்கத்தில் நின்று பார்த்தாள். "ஏம்பா பொட்ட அழிக்கற?" என்றாள். "நாளைக்கு மறுபடி நீயே வெச்சுடு கண்ணு" என்றேன். வண்டி கிளம்பியது. திம்மக்காவை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அறுத்துத்தான் எடுத்தார்கள். தாயும் பிழைத்தாள், பெண் குழந்தையும் பிழைத்தது. மறுநாள் காலையில் சாந்தா கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வந்து, நான் தூக்கிப் பிடிக்க, அதே இடங்களில் மறுபடி வைத்தாள். உன் அம்மா இந்த ஒன்றை மட்டும் எப்போதும் சொல்வதில்லை.

அந்த வாரமே சாந்தாவுக்குக் காய்ச்சல் வந்தது. கழுத்து விறைத்துக்கொண்டு, வெளிச்சம் பட்டாலே கத்தினாள். மூளைக் காய்ச்சல் என்றார்கள். அதே வண்டியில்தான் கொண்டு போனோம். அதே வண்டியில்தான் திரும்பக் கொண்டு வந்தோம். இதற்கு மேல் இதைப் பற்றிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வாத்தியாரும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அவள் கேட்டாள். "புள்ள வெச்ச பொட்ட அழிச்ச கையிது. உங்களுக்கு இன்னிக்கும் சோறு எறங்குதா?" என்றாள். நான் சும்மா இருந்திருக்கலாம். "அழிக்கலன்னா திம்மக்கா செத்திருப்பா" என்றேன். "திம்மக்கா பொழச்சா. சரி" என்றாள். அந்தச் "சரி" இன்னும் என் காதில் இருக்கிறது. அதற்குப் பிறகு அவள் கொட்டகைப் பக்கம் வரவில்லை. வால்வுக் கட்டை அவள் வைத்த இடத்திலேயே கிடந்தது, நான் எடுத்து என் கோணல் கையால் தேய்த்தேன். கல்யாணம், காட்சி, உன் நிச்சயம் என்று எதற்கும் அவள் அந்த வண்டியில் ஏறியதில்லை. பஸ்ஸில் வருவாள், நடந்து வருவாள். நானும் விடாமல் வருஷா வருஷம் வாதாடினேன். ஈரம் பட்டால் பொறி விழாது, அதைத் துடைக்கத்தான் வேண்டும், காய்ச்சல் கிருமியால் வருவது, அந்த மாதம் நம் பக்கத்தில் இன்னும் எத்தனையோ குழந்தைகளுக்கு வந்தது என்று எல்லா நியாயத்தையும் சொன்னேன். நியாயம் என் பக்கம் என்று நினைத்தேன். ஆனாலும் தனியாக இருக்கும்போது ஒரு நாள்கூட எனக்குச் சந்தேகம் வந்ததில்லை என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். சாமி அவ்வளவு சின்ன புத்திக்காரனா என்று ஒரு பக்கம் தோன்றும். ஒருவேளை இருந்தால் என்று இன்னொரு பக்கம் தோன்றும். வயதாக ஆக இரண்டாவதுதான் அடிக்கடி வருகிறது.

ஒரு விஷயத்தை மட்டும் நான் பார்த்தும் யோசிக்காமல் விட்டிருக்கிறேன். திம்மக்காவின் பெண் தவழ்ந்து நடக்க ஆரம்பித்ததும், உன் அம்மா பெட்டியைத் திறந்து சாந்தாவின் சின்ன வயசுப் பாவாடையை எடுத்துக்கொண்டு போய் அதற்குக் கட்டிவிட்டாள். அந்தப் பிள்ளைக்குத் தலை வாரிவிட்டாள், எண்ணெய் தேய்த்தாள். இன்றைக்கும் அது பள்ளிக்கூடம் விட்டு வந்தால் நம் வீட்டுச் சமையலறைக்குத்தான் முதலில் போகும். அன்றைக்கு நான் வண்டியை எடுத்தது தப்பு என்று அவள் உள்ளபடியே நினைத்திருந்தால், அந்தப் பிள்ளையை அப்படித் தொட்டிருப்பாளா? பொட்டைப் பற்றித்தான் அவள் பேசினாள், நானும் பொட்டைப் பற்றியே பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். பேசுவதற்கு எங்களுக்கு அது ஒன்றுதான் கிடைத்தது போலிருக்கிறது.

உன் கடிதம் வந்ததற்கு மறுநாள், கோபத்தோடேயே மிச்ச வேலையை முடித்தேன். விற்கிறதாவது என்று முணுமுணுத்துக்கொண்டு பின்சீட்டைக் கழற்றினேன். ஸ்பிரிங் ஒன்று உடைந்து மேலே குத்திக்கொண்டிருந்தது, தேங்காய் நார் எல்லாம் பொடியாகியிருந்தது. ஸ்பிரிங்கைக் கம்பியால் இழுத்துக் கட்டி, புது நார் திணித்து, மேலே தோலைத் தைத்தேன். பாட்டியும் பேத்தியும் உட்காரப் போகிற இடம், குத்தக் கூடாது என்று மாட்டிவிட்டு நானே ஏறி உட்கார்ந்து பார்த்தேன். மாணிக்கம், துரையிடம் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து இன்று வரை அந்த வண்டியில் நான் பின்னால் உட்கார்ந்ததே இல்லை. டிரைவர் பின்னால் உட்காரக் கூடாது என்று ஒரு பழக்கம். துடைப்பேன், தட்டுவேன், தைப்பேன், உட்கார மாட்டேன். வண்டி என் பேருக்கு வந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. உட்கார்ந்து நிமிர்ந்து பார்க்கிறேன். எதிரே முன்சீட்டின் முதுகு. அதற்கு மேலே ஒரு ஆள் உட்கார்ந்தால் அவனுடைய பிடரி தெரியும். அவ்வளவுதான் தெரியும். சாலைகூடச் சரியாகத் தெரியவில்லை.

அப்போதுதான் எனக்கு அந்த நாள் நினைவுக்கு வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து அல்சூர் வரைக்கும் அவள் இந்த இடத்தில் உட்கார்ந்து வந்தாள். சாந்தாவை மடியில் போட்டுக்கொண்டு வந்தாள். சந்தைக் கூட்டம், மாட்டு வண்டி, பஸ் எல்லாவற்றுக்கும் நடுவில் நான் நிதானமாக ஓட்டி வந்தேன். பள்ளத்தில் இறக்காமல், குலுங்காமல் ஓட்டினேன். எனக்குத் தெரிந்த மரியாதை அதுதான். அவளுக்கு என் பிடரிதான் தெரிந்தது. அவள் கையும் குழந்தையின் தலையும் மட்டும் அந்தச் சீட்டில் இருந்தன. எனக்குப் பிடித்துக்கொள்ள ஸ்டியரிங் இருந்தது, பார்க்க ரோடு இருந்தது. அவளுக்கு ஒன்றும் இல்லை. இத்தனை வருஷமாக அவள் வண்டியில் ஏற மறுக்கிறாள் என்று சொல்லிக்கொண்டிருந்தேனே, அவள் ஏற மறுத்தது இந்தச் சீட்டில். அந்தச் சீட்டில்தான், மடியில் ஒரு பெண் குழந்தையை வைத்துக்கொண்டு வா என்று நான் சொல்லி அனுப்பியிருக்கிறேன். ராணி மாதிரி என்று வேறு சொல்லியிருக்கிறேன். சீட்டைத் தைத்த ஊசி என் கையிலேயே இருந்தது. திம்மக்காவின் பெண் வந்து, "தாத்தா, ஏன் இங்க ஒக்காந்துட்டீங்க, யாரு ஓட்டுவாங்க?" என்று கேட்கும்வரை இறங்காமல் உட்கார்ந்திருந்தேன்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். வண்டியை விற்பது பெரிய காரியம் இல்லை. சொன்னால் நாளைக்கே ஆள் வரும். ஆனால் நீ எழுதினாய் என்று நான் விற்றால் அது தண்டனை மாதிரி ஆகிவிடும். அப்பா ஒத்துக்கொண்டுவிட்டார், அவரும் அவர் வண்டியும்தான் பிள்ளையைக் கொண்டுபோனார்கள் என்று ஆகிவிடும். அதற்குப் பிறகு உன் அம்மா இந்த வீட்டுக்கு வந்து யாரோடு இருப்பாள்? பிள்ளையைக் கொன்றவனுக்கா சோறு போடுவாள்? வண்டி போன கொட்டகையைத் தினமும் பார்த்துக்கொண்டு, நான் தோற்றவனாகவும் அவள் ஜெயித்தவளாகவும் இந்த வயதில் இரண்டு பேரும் உட்கார்ந்திருக்க முடியாது. விற்கவே மாட்டேன் என்று நான் பிடிவாதமாக நின்றாலும் அதே கதைதான். அதனால் இரண்டையும் இப்போதைக்குச் செய்யப் போவதில்லை. அந்த வண்டியில் அவளுக்கும் பாதி உண்டு. பந்தலைப் பிரித்து இடம் கொடுத்தவள் அவள். அதை என்ன செய்வது என்று அவள் என் முகத்தைப் பார்த்துச் சொல்லட்டும். விற்கச் சொன்னால் விற்கிறேன். குற்றவாளியாக விற்க மாட்டேன், அவளோடு சேர்ந்து விற்பேன். அவள் சொல்வது எதுவானாலும் உன் கடிதம் வழியாக வர வேண்டாம்.

உனக்கு ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. நீ நல்ல எண்ணத்தில்தான் நடுவில் நின்றாய். புருஷன் பெண்டாட்டிக்கு நடுவில் சேதி கொண்டுபோகிறவன் எவ்வளவு பத்திரமாகக் கொண்டுபோனாலும் வழியில் ஏதோ கொட்டிவிடும். இனிமேல் அந்த வேலை வேண்டாம். இன்னொன்றும் சொல்கிறேன். உன் வீட்டில் என்றைக்காவது பெரிய துக்கம் வந்தால், வரக் கூடாது, வந்தால், வேறு யாரையாவது ஓட்டச் சொல். ஓட்டத் தெரிந்தவன் நீதானே என்று ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொள்ளாதே. உன் பெண்டாட்டிக்குப் பக்கத்தில் போய் உட்கார். உனக்கு அங்கே செய்ய ஒன்றும் இருக்காது, அது கஷ்டமாக இருக்கும், இருந்தாலும் உட்கார். என் மாதிரி ஆட்களுக்கு ஒரு சாமான் கையில் இருந்தால்தான் மனசு நிற்கும். அந்தச் சாமானுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறோம் என்று எனக்கு இவ்வளவு காலம் தெரியவில்லை.

வண்டியின் தண்ணீரை வடித்துவிட்டேன். பாட்டரியைக் கழற்றி வாத்தியார் வீட்டில் வைத்திருக்கிறேன். டயர் தரையில் அழுந்தாமல் நாலு பக்கமும் கல் கொடுத்து நிறுத்தியிருக்கிறேன். கொட்டகைக்குப் பூட்டுப் போட்டுச் சாவியைத் திம்மக்காவிடம் கொடுத்தாகிவிட்டது. வருகிற ஞாயிற்றுக்கிழமை கன்டோன்மெண்டில் காலை ரயில் ஏறி, பங்காருபேட்டையில் மாறி, மாரிகுப்பத்தில் இறங்குவேன். வண்டி வராது, நான் மட்டும்தான் வருகிறேன் என்று அம்மாவிடம் முன்னாலேயே சொல்லிவிடு, திடுக்கிடக் கூடாது. வேறு ஒன்றும் நீ சொல்ல வேண்டாம், இந்தக் கடிதத்தைப் படித்துக் காட்டவும் வேண்டாம். ஸ்டேஷனுக்கு நீ வராதே, வழி விசாரித்துக்கொண்டு வந்துவிடுவேன். வந்ததும் நான் பேத்தியை வாங்கிப் பார்ப்பேன், கையைக் கழுவிவிட்டுத்தான் வாங்குவேன் என்று மருமகளிடம் சொல். அதற்குப் பிறகு உன் அம்மா இருக்கிற இடத்தில் போய் அவளுக்குப் பக்கத்தில் உட்காருவேன். அவள் எழுந்து உள்ளே போனால் நானும் உள்ளே போவேன். பேசாமல் இருந்தால் நானும் பேசாமல் இருப்பேன், எனக்கு அவசரம் இல்லை. ஒருவேளை அவள் சாந்தா என்று அந்தப் பேரைச் சொல்லி ஆரம்பித்தால், நீயும் மருமகளும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கொஞ்ச நேரம் வெளியே போய் நில்லுங்கள்.

உன் அப்பா